நாலு மூலையில் நாலு புள்ளி

"இது என் கையெழுத்துதான். ஆனா நான் போடலை."

தையற்கடைக்காரி இதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே பிடிக்காதவள் போல உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஒரு நாளும் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. பதினாறு வருஷம் ஒரு வங்கியில் உட்கார்ந்து, காசோலைக் கையெழுத்துகளைச் சரிபார்த்து, சந்தேகம் வந்த இடத்தைச் சிவப்பு மையால் சுழித்தவர். அந்தச் சுழிப்பைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரர்கள் வைத்த பெயர், வேலையை விட்டுத் துப்பறிய வந்த பிறகும் அவரை விடவில்லை.

"கையெழுத்து உங்களோடது. போட்டது நீங்க இல்லை. டிக்கெட் கிழிச்சாச்சு, பயணியைக் காணோம்," என்றார் ரேடியோ.

ரேடியோ டீச்சரின் உதவியாளர். ஐம்பதை எட்டப்போகிற முன்னாள் பஸ் கண்டக்டர். அணைக்கிற பொத்தான் இல்லாததால் அந்தப் பெயர்.

"ரேடியோ, ஒலியைக் குறைங்க." டீச்சர் தையற்கடைக்காரியிடம் திரும்பினார். "முதல்லேருந்து சொல்லுங்கம்மா."

அவள் சொன்னாள். கட்டடம் அவளுக்கும் தம்பிக்கும் பொது. மாடியில் தம்பி குடும்பம். கீழே அவளுடைய கடை: ஐந்து தையல் மெஷின், நான்கு பெண்கள் வேலைக்கு, சுவரோரம் ஆளுயரத்துக்குப் பள்ளிச் சீருடை. கட்டடத்தை இடித்து அடுக்குவீடு கட்டித் தருவதாக ஒரு கட்டடக்காரர் இரண்டு வருஷமாகச் சுற்றி வருகிறார். தம்பிக்குச் சம்மதம். அவளுக்கு இல்லை. அப்படியிருக்க, போன திங்கட்கிழமை சாயங்காலம் அவளுக்கே ஒரு பத்திரம் வந்து சேர்ந்தது. 'இடிக்கச் சம்மதிக்கிறேன், சனிக்கிழமைக்குள் காலி செய்கிறேன்.' அடியில் அவள் கையெழுத்து. காகிதத்தில் பேனாவால் போட்டதல்ல. செல்போன் திரையில் விரலால் போட்டது.

"இன்னைக்கு வியாழன்," என்றாள். "நாளன்னைக்கு இந்த அஞ்சு மெஷினையும் நான் எங்க கொண்டுபோய் வைப்பேன்? நாலு பேருக்கு என்ன பதில் சொல்வேன்?"

"தம்பி என்ன சொல்றார்?"

"திங்கக்கிழமை ராத்திரி 'நன்றி அக்கா'ன்னு மெசேஜ் அனுப்பியிருக்கான் மேடம். கூடவே ரெண்டு கும்புடற கை! பண்றதையும் பண்ணிட்டு நக்கல் வேற. அதுலேருந்து அவன் போனை நான் எடுக்கறதில்லை. கடைக்குள்ள எட்டிப் பார்த்தான்னா மோட்டாரை முழு வேகத்துல விட்டுடுவேன். அவன் வாய் அசையும், எனக்குக் காது கேக்காது."

"போனை யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"சேச்சே. கத்தரிக்கோலும் போனும் என் கையை விட்டுப் போகாது."

டீச்சர் அந்தப் போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். பின்பக்கம் மூன்று இடத்தில் கீறல், ஒரு ஓரத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. முன்பக்கம் பளபளவென்று இருந்தது. திருப்பித் திருப்பி இரண்டு முறை பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

பிறகு பத்திரத்தின் அச்சுப்படியை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல். இந்த மாதிரிப் பத்திரங்களில் யார், எந்தப் போனில், எத்தனை மணிக்கு என்ன செய்தார்கள் என்று அதுவே எழுதிவைத்துக்கொள்ளும். லிங்க் திறந்தது 10.43. ஓடிபி கொடுத்தது 10.44. கையெழுத்து 11.03. அனுப்பியது 11.04. எல்லாமே தையற்கடைக்காரியின் போனில்.

"ஓடிபிக்கும் கையெழுத்துக்கும் நடுவில பத்தொன்பது நிமிஷம்," என்றார் டீச்சர்.

"பத்தொன்பது நிமிஷம் எடுத்துக்கிட்டா அது கையெழுத்தில்லை டீச்சர், ஓவியம். மூணு ஸ்டாப்பிங் தாண்டிடலாம்."

"இதையும் பாருங்க."

கையெழுத்துப் பெட்டிக்குள், நான்கு மூலையிலும் ஒவ்வொரு புள்ளி இருந்தது. ஈ உட்கார்ந்து எழுந்தது போல, சின்னதாக, கச்சிதமாக.

"தூசியா இருக்கும்," என்றார் ரேடியோ.

"தூசிக்கு மூலை பார்த்து உட்காரத் தெரியாது," என்றார் டீச்சர்.

* * *

தம்பி வேலை பார்த்தது இரண்டு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வருகிறவர்களின் கண்ணைச் சோதித்து எண் சொல்வது அவன் வேலை. டீச்சர் உள்ளே போனதும் அவரை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் கனமான இரும்புச் சட்டத்தை மாட்டிவிட்டான். அவன் சோதித்தான், அவர் விசாரித்தார்.

"கடைசி வரியைப் படிங்க மேடம்."

"படிக்கிறேன். உங்க அக்கா கையெழுத்து எப்படி வந்துச்சு?"

அவன் முகம் மலர்ந்தது. "அதை ஏன் கேக்கறீங்க! கட்டடக்காரர் ஆபீஸ்லேருந்து எங்க ரெண்டு பேருக்கும் லிங்க் அனுப்பினாங்க. நான் அன்னைக்கே போட்டுட்டேன். அக்கா போட மாட்டாங்கன்னுதான் இருந்தேன். திங்கக்கிழமை பார்த்தா போட்டிருக்காங்க! படியில உட்கார்ந்து அழுதுட்டேன். ஆனா ஏன் பேச மாட்டேங்கறாங்கன்னுதான் புரியலை. எப்பப் போனாலும் மெஷின் ஓடுது."

ரேடியோ டீச்சரைப் பார்த்தார். ஆள் நடிக்கிறான் என்று புருவத்தால் சொன்னார். டீச்சரின் கண் இரும்புச் சட்டத்துக்குள் இருந்ததால் பதில் கிடைக்கவில்லை.

"உங்களுக்கு ஏன் இடிச்சே ஆகணும்?"

"மாடியில எங்க ரூம் ஒழுகுது மேடம். மழைக்கு நாலு வாளி வைக்கிறோம். புதுசா கட்டினா ஆளுக்கொரு வீடு. அக்காவுக்குக் கீழேயே கடை, அதுவும் ரோட்டைப் பார்த்த மூலைக்கடை. கட்டடக்காரர் எனக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கார்."

"பத்திரத்துல அது இருக்கா?"

"இருக்கும். பதினாலு பக்கம், எழுத்து வேற பொடிப்பொடியா... அதை யார் மேடம் முழுசா படிக்கிறாங்க? கீழே தள்ளிக்கிட்டே போனேன், பெட்டி வந்துச்சு, போட்டேன்."

"நாள் முழுக்க ஊரையே பொடி எழுத்துப் படிக்கவைக்கிற ஆள்!" என்றார் ரேடியோ.

டீச்சர் இரும்புச் சட்டத்தோடேயே கைப்பையிலிருந்து பத்திரத்தை எடுத்தார். புதுக் கண்ணாடியில் எழுத்துகள் எறும்பிலிருந்து ஈசலாகப் பெரிதாகியிருந்தன. ஒவ்வொரு பக்கமாக வாசித்துக்கொண்டே போய், ஒன்பதாம் பக்கத்தின் ஓரத்தை மட்டும் மடித்துவைத்தார்.

"இந்த நம்பரே இருக்கட்டும்," என்றார். "நல்லாத் தெரியுது."

வெளியே வந்ததும் ரேடியோ ஸ்கூட்டரை உதைத்தார். "சந்தேகமே இல்லை டீச்சர், தம்பிதான். ஒரே வீடு. அக்கா குளிக்கப் போன நேரத்துல போனை எடுத்திருப்பான்."

"எடுத்திருந்தா கையெழுத்து அவன் கையால இருக்கும். இது அந்தம்மா கையெழுத்து. பதினாறு வருஷம் பார்த்த கண்ணு சொல்லுது. அந்த விரலைப் பிடிச்சு யாரும் இழுக்கலை. விரலே ஆசையா எழுதியிருக்கு."

"அப்ப அந்தம்மாதான் பொய் சொல்றாங்களா?"

"வழியில ஒரு பேனாக் கடையில நிறுத்துங்க."

* * *

தையற்கடையில் டீச்சர் ஒரு வெள்ளைத் தாளையும் புதுப் பேனாவையும் தையற்கடைக்காரியிடம் நீட்டினார்.

"இப்பதான் வாங்கினேன். எழுதுதான்னு கொஞ்சம் பாருங்க."

அவள் பேனாவை வாங்கினாள். தாளின் நான்கு மூலையிலும் டக், டக், டக், டக் என்று புள்ளி வைத்தாள். பிறகு நடுவில் தன் கையெழுத்தைப் போட்டு, "நல்லா எழுதுதே," என்று திருப்பிக் கொடுத்தாள்.

ரேடியோவின் வாய் திறந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. டீச்சரிடம் சேர்ந்த பிறகு இதுதான் முதல் தடவை.

"எதுக்கும்மா புள்ளி?" டீச்சர் கேட்டார்.

அவள் தாளைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. "அடக் கஷ்டமே! துணியை விரிச்சா முதல்ல நாலு மூலையிலயும் சாக்பீஸால குறி வெப்பேன். கோணல் இருந்தா அங்கேயே தெரிஞ்சுடும். இருபத்திரண்டு வருஷமா அதையே பண்ணிக்கிட்டிருக்கேன். எதை முன்னாடி வெச்சாலும் கை தானா மூலைக்குப் போயிடுது."

"பேங்க்ல கையெழுத்துப் போடறப்பவும் புள்ளி வெப்பீங்களா?"

"கையெழுத்துப் போடற இடத்துல எவளாவது புள்ளி வெப்பாளா? இது சும்மா சோதிச்சுப் பார்க்கத்தானே."

டீச்சர் பத்திரத்தை அந்தத் தாளின் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அதே கையெழுத்து. இரண்டிலும் நான்கு மூலையில் நான்கு புள்ளி.

"அப்ப இதையும் நீங்க சும்மா சோதிச்சுத்தான் பார்த்திருக்கீங்க," என்றார். "புதுப் பேனா குடுத்தா நம்ம ஜனங்க எழுதிப் பார்க்கிறது தன் பேரைத்தான். புது ஸ்க்ரீன் குடுத்தாலும் அதேதான். உங்க போனுக்கு முதுகெல்லாம் கீறல், முகம் மட்டும் நேத்துப் பொறந்த மாதிரி இருக்கு. எப்ப மாத்தினீங்க?"

தையற்கடைக்காரி மெஷினைப் பிடித்துக்கொண்டாள்.

"திங்கக்கிழமை. கீழே விழுந்து நொறுங்கிடுச்சு... நம்ம படிக்கட்டுக்குக் கீழ போன் ரிப்பேர் வெச்சிருக்கானே, அவன்கிட்டதான்."

"யார்கிட்டயும் குடுக்கலைன்னீங்களே!" என்றார் ரேடியோ.

"ரிப்பேருக்குக் குடுத்தது குடுத்ததாண்ணே? அவன் பதினோரு வருஷமா இங்கேயே இருக்கான். லாக் நம்பரைக்கூட நான்தான் சொன்னேன்." அவள் குரல் தேய்ந்தது. "அரை மணி நேரத்துல வாங்கன்னான். ஒருத்தி பிளவுஸ் போட்டுப் பார்க்க வந்துட்டா, நான் போகவே பதினொண்ணு ஆயிடுச்சு. போனதும் போனைக் கையில வெச்சு, 'அக்கா, டச் சரியா இருக்கான்னு உங்க பேரை எழுதிப் பாருங்க'ன்னான். வெள்ளையா ஒரு கட்டம் இருந்துச்சு. எழுதினேன். 'துடைச்சுத் தரேன்'னு வாங்கி, ஒரு நிமிஷத்துல திருப்பிக் குடுத்துட்டான்."

"அந்த ஒரு நிமிஷத்துல அனுப்பற பட்டனை அமுக்கி, லிங்க்கையும் ஓடிபியையும் அழிச்சிருக்கான்," என்றார் டீச்சர். "பில் குடுத்தானா?"

அவள் அளவு நோட்டைப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் குண்டூசி குத்தி ரோஜா நிறச் சீட்டு இருந்தது. மணி மணியான எழுத்து. 'வாங்கியது 9.50. கொடுத்தது 11.05.'

டீச்சர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, ரேடியோவின் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் அவருடைய போன் இருந்தது. திரையில் சிலந்தி வலை போல விரிசல்.

"வேண்டாம் டீச்சர்," என்றார் ரேடியோ. "இந்த விரிசல் வழியாத்தான் நான் உலகத்தைப் பார்க்கிறேன்."

* * *

மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, குனிந்தபடி ஒரு ஆள். ரிப்பேர்காரன் நிமிராமலே ரேடியோவின் போனை வாங்கி, சீட்டில் நேரம் எழுதினான். முக்கால் மணி நேரம் ரேடியோ அவனுக்குப் பழைய பஸ் கதைகளைச் சொன்னார். டீச்சர் உதிரிப்பாகப் பெட்டியின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்பக்கம் வழவழப்பான வண்ணப் படம் ஒன்று ஒட்டியிருந்தது. அடுக்குவீட்டு விளம்பரம். கீழே மூலையில் ஒரு கடையைச் சுற்றிப் பேனாவால் வட்டம்.

வேலை முடிந்தது. ரிப்பேர்காரன் திரையில் ஒரு படத்தை விரலால் பிடித்து மேலும் கீழும், ஓரம் விடாமல் இழுத்துப் பார்த்துவிட்டு, "எடுத்துக்கங்கண்ணே," என்றான்.

"நான் ஏதாவது எழுதிப் பார்க்க வேண்டாமாப்பா?"

"எதுக்குண்ணே? அதான் நானே பார்த்துட்டேனே."

"எல்லாருக்கும் இப்படித்தானா?" டீச்சர் கேட்டார்.

"பதினோரு வருஷமா இப்படித்தான் மேடம். கஸ்டமர் கையில குடுத்தா விளையாட ஆரம்பிச்சுடுவாங்க. நேரம் போயிடும்."

"அப்ப தையற்கடை அக்காவை மட்டும் ஏன் பேர் எழுதச் சொன்னீங்க?"

அவன் எழுந்துவிட்டான். மடேர் என்று படிக்கட்டில் தலை இடித்தது. மறுபடி உட்கார்ந்தான்.

"நான் சொல்லலை... அவங்களாத்தான் எழுதினாங்க."

"எதுல எழுதினாங்க?"

தலையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"9.50க்குப் போன் உங்க கைக்கு வந்துச்சு. 10.44க்கு ஓடிபி. 11.03க்குக் கையெழுத்து. 11.04க்கு அனுப்பியாச்சு. 11.05க்குப் போன் அவங்க கையில. நேரத்தை எழுதிக் குடுத்தது நீங்கதான். நல்ல பழக்கம். விட்டுடாதீங்க."

"பத்தொன்பது நிமிஷம் என்னப்பா பண்ணிக்கிட்டிருந்தே?" என்றார் ரேடியோ. அவருக்கு உண்மையிலேயே அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"தொட்டுக்கிட்டே இருந்தேன்ணே," என்றான் அவன். "ஸ்க்ரீன் அணைஞ்சுடக் கூடாதேன்னு. அக்கா வரவே மாட்டேங்கறாங்க. நானே கிறுக்கியிருக்கலாம். ஆனா நாளைக்கு இது என்னோடது இல்லைன்னு சொல்லிடுவாங்களே. அவங்க கையெழுத்தா இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுன்னு... கட்டடக்காரர்தான் சொன்னார். 'லிங்க் அனுப்பியாச்சு, அவங்க போன் என்னைக்காவது உன் மேஜைக்கு வராமலா போகும்'னார். வந்தா எனக்கு மூலைக்கடை."

"எந்த மூலைக்கடை?"

"ரோட்டைப் பார்த்தது. நிமிர்ந்து நிக்கலாம் மேடம். பதினோரு வருஷமா நான் கடைக்குள்ள ஒரு தடவைகூட நிமிர்ந்து நின்னதில்லை."

ரேடியோ மெதுவாக விசிலடித்தார். "அதே கடையை அக்காவுக்குன்னு அந்தத் தம்பிகிட்டயும் சத்தியம் பண்ணியிருக்கார். ஒரே சீட்டுக்கு ரெண்டு ரிசர்வேஷன். வண்டி கிளம்பினப்புறம் ரெண்டு பேரும் நின்னுக்கிட்டுதான் போயிருப்பீங்க."

ரிப்பேர்காரன் பெட்டி மூடியிலிருந்த வட்டத்தைப் பார்த்தான். பிறகு படத்தை நகத்தால் சுரண்டிப் பிய்த்தான்.

"என்ன எழுதித் தரணும் மேடம்?"

"நடந்ததை. பேனாவுல," என்று டீச்சர் அந்தப் புதுப் பேனாவை நீட்டினார். "நல்லா எழுதுது. சோதிச்சாச்சு."

* * *

சாயங்காலம் தம்பி கடை வாசலில் வந்து நின்றான். அக்கா பழக்கத்தில் மோட்டார் பெடலில் காலை வைத்தாள். டீச்சர் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார்.

ரிப்பேர்காரன் எழுதிய தாளைத் தம்பி இரண்டு முறை படித்தான். முகம் கறுத்துவிட்டது.

"நீயே போட்டேன்னு நினைச்சேன்க்கா. அதான் நன்றின்னு அனுப்பினேன்."

"நீதான் போட்டேன்னு நினைச்சேன்டா. அதான்..." அவள் அணைந்துகிடந்த மோட்டாரைப் பார்த்தாள்.

"மூலைக்கடை உனக்குன்னு சத்தியம் பண்ணினாரேக்கா."

"பத்திரத்தோட ஒன்பதாம் பக்கம்," என்றார் டீச்சர். "மடிச்சு வெச்சிருக்கேன். சத்தமா வாசிங்க."

தம்பி வாசித்தான். கீழ்த்தளக் கடைகள் எல்லாம் கட்டடக்காரரின் இஷ்டப்படி. யாருக்கும் எந்த உறுதியும் இல்லை. அதற்குக் கீழே இன்னும் பொடியாக ஒரு வரி: கட்டடத்தை ஒப்படைப்பதற்கு முன்னால், அக்காவும் தம்பியும் இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால், இந்த ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளலாம்.

"ரெண்டு பேரும் சேர்ந்துன்னா, ரெண்டு பேரும் பேசிக்கணும்," என்றார் ரேடியோ. "அதை நினைச்சுத்தான் அந்த ஆள் தைரியமா போட்டு வெச்சிருக்கார். உங்க மோட்டார் சத்தம் அவருக்கு நல்லா உதவியிருக்கு."

அக்கா சிரிக்கவில்லை. "மாடியில ஒழுகறதுக்கு என்னடா பண்றது?" என்று தம்பியைக் கேட்டாள்.

"ஒழுகற இடத்தை அடைக்கலாம்க்கா. அதுக்கு வீட்டையே இடிக்கணும்னு கிளம்பினேன் பாரு."

"நாலு வாளி வெக்கிறேன்னு என்கிட்ட நீ ஒரு நாளாவது சொன்னியா?"

"நீ எங்க கேட்டே?"

விலகல் கடிதம் டீச்சர் சொல்லச் சொல்லத் தம்பியின் போனில் தயாரானது. ஒரு பக்கம்தான். இந்தத் தடவை அதை அவன் இரண்டு முறை வாசித்தான், ஒரு முறை அக்காவுக்குக் கேட்கும்படி. அவளுக்கு ஓடிபி வந்தது. வெள்ளைக் கட்டம் வந்தது. அவள் விரல் மூலைக்குப் போகப் பார்த்தது. அதை இழுத்துப் பிடித்து, நடுவில் மட்டும் நேராகக் கையெழுத்துப் போட்டாள்.

"ரிப்பேர்காரனை என்ன பண்ணலாம்மா? புகார் குடுக்கறீங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

"அதை நான் சனிக்கிழமை யோசிக்கறேன் மேடம். அன்னைக்கு எனக்கு வேற வேலை இல்லைன்னு ஆயிடுச்சே."

அடுத்து தம்பியின் முறை. அவன் கையெழுத்துப் போட்டான். அதோடு நிற்காமல் டக், டக், டக், டக் என்று நான்கு மூலையிலும் விரலை வைத்துவிட்டு அனுப்பினான்.

"டேய், பத்திரத்துல எதுக்குடா புள்ளி?"

"நாலு மூலையும் பார்த்துட்டுதான் போட்டேன்னு அர்த்தம்."

அவள் கழுத்தில் கிடந்த அளவு டேப்பால் அவன் தோளில் ஒரு போடு போட்டாள். அவன் நகரவில்லை. பக்கத்து மெஷினின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்த மூலையில் ஒழுகுகிறது என்று கையால் காட்ட ஆரம்பித்தான்.

டீச்சர் சுவிட்சைப் போட்டார். அக்காவின் கால்பட்டு மோட்டார் ஓடத் தொடங்கியது. மெதுவாக, பேச்சு கேட்கிற வேகத்தில்.